அச்சுத் தாளின் நிறத்தைக் கேமராவால் அளக்கும் முறை

ஆப்செட் அச்சு இயந்திரத்தில் ஓடும் அட்டைப்பெட்டியின் சிவப்பு, ஓட்டத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை எண்ணாகச் சொல்ல, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரே முறையான கருவி. அது கைவசம் இல்லாத அச்சகத்தில், ரா கோப்பாக, அதாவது உணரி பதிந்த எண்களைத் திருத்தாமல், பதிவுசெய்யும் கேமராவைக் கொண்டு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் போதுமான அளவை எடுத்துவிடலாம்.

கேமராவைத் தாளுக்கு நேர் மேலே ஸ்டாண்டில் பொருத்தி, இருபுறமும் 45 பாகையில் ஒரே வகை விளக்குகளை வைத்து, அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட வேண்டும். வார்னிஷ் பூசிய தாள் மேலே உள்ள வெள்ளைக் கூரையைக்கூடப் பிரதிபலிக்கும் என்பதால், கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டுவது நல்லது. மெல்லிய தாளானால், ஒவ்வொரு முறையும் அடியில் ஒரே அட்டையை வைக்க வேண்டும்.

வெளிச்ச அளவு, ஒயிட் பேலன்ஸ் எல்லாவற்றையும் கையால் நிலைப்படுத்த வேண்டும். ஜேபெக் உதவாது, கண்ணுக்கு அழகாகத் தெரிவதற்காகக் கேமரா அதில் நிறங்களைத் தானே திருத்திவிடுகிறது. திரையில் தெரியும் ஹிஸ்டோகிராமும் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பெரும்பாலும் அந்தத் திருத்திய படத்தினுடையதே. ஆகவே வெள்ளைத் தாளின் மதிப்பு எந்த நிறத்திலும் உச்சத்தைத் தொடவில்லை என்பதை ரா கோப்பிலேயே சரிபார்க்க வேண்டும். பிறகு அதே இடத்தில் அச்சிடாத தாள் ஒன்றைப் படமெடுத்து, இரண்டு படங்களிலும் கறுப்பு அளவை (ஒளி படாதபோதும் உணரி காட்டும் எண்) கழித்தபின், அச்சுத் தாளின் படத்தை அச்சிடாத தாளின் படத்தால் வகுத்தால், விளக்கின் ஏற்றத்தாழ்வும் லென்ஸின் ஓர இருளும் நீங்கும்.

அச்சில் நிறம் என்பது புள்ளிகளின் கூட்டம். 175 கோட்டுத் திரையில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 175 வரிசைப் புள்ளிகள் வரும் அச்சில், 5 மில்லிமீட்டர் கட்டத்துக்குள் சுமார் 34 வரிசைப் புள்ளிகள் அடங்கும். அந்தப் பரப்பு முழுவதற்கும் சராசரி எடுக்க வேண்டும். அதையும் லேப் மதிப்புக்கு (கண் காணும் விதத்தில் நிறத்தை மூன்று எண்களாகச் சொல்லும் முறை) மாற்றுவதற்கு முன்பே எடுக்க வேண்டும், மாற்றியபின் எடுத்தால் விடை பிசகும்.

கேமராவின் உணரி நம் கண்ணைப்போல் நிறத்தைப் பிரித்தறிவதில்லை. எனவே முழு முயற்சியின் தரமும், மதிப்பு தெரிந்த நிறக் கட்டங்கள் கொண்ட ஒப்பீட்டு அட்டையைப் பொறுத்தது. கடையில் கிடைக்கும் 24 கட்ட கலர்செக்கர் தொடக்கத்துக்குப் போதும் என்றாலும், அதன் சாயங்கள் வேறு, நம் மசி வேறு. அதே தாளில் அதே மசியால் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகியவற்றின் கலவைக் கட்டங்களை அச்சிட்டு, நன்றாகக் காய்ந்தபின் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் உள்ள ஓரிடத்தில் ஒருமுறை டி50 ஒளிக்கு (அச்சுத் துறையின் தர ஒளி) அளந்து வந்து, அந்த மதிப்புகளுக்கே கேமராவின் எண்களைப் பொருத்துவதையே நான் பரிந்துரைப்பேன். சில கட்டங்களைப் பொருத்தத்தில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்தால், அவற்றில் காணும் டெல்டா ஈ (இரு நிறங்களுக்கு இடையிலான தொலைவைச் சொல்லும் எண்) வேறுபாடு இந்த அமைப்பின் உண்மையான பிழையைக் காட்டிவிடும். ஆப்செட் அச்சுக்கான ஐஎஸ்ஓ 12647-2 தரநிலை முழுநிறக் கட்டங்களுக்கு அனுமதிக்கும் விலகலே டெல்டா ஈ 5 என்பதால், நம் பிழை அதற்கு மிகக் கீழே இருந்தாக வேண்டும்.

ஒப்பீட்டு அட்டையில் இல்லாத தனி மசிக்கு (அந்த நான்கு மசிகளில் சேராத, தனியே கலந்த நிறம்) இந்தப் பொருத்தம் செல்லாது. விளக்கையோ தாளையோ மாற்றினால், ஒப்பீட்டு அட்டையை மீண்டும் படமெடுத்தே வேலையைத் தொடர வேண்டும்.