கொப்பிக் கட்டு வீட்டுக்கு வராமல் இருக்க: புதிய ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

மன அழுத்தம் என்றதும் ஆசிரியர்களைக் கூட்டிவைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் மேசையில் மூன்று வகுப்பின் கட்டுரைக் கொப்பிகள் குவிந்திருக்கும்போது, எவ்வளவு இழுத்து மூச்சுவிட்டாலும் ஒரு கொப்பி குறையப்போவதில்லை. அதனால் நான் வேலையிலிருந்தே தொடங்குகிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் தமிழ் படிப்பிக்கும் எனக்குச் சரிவந்த முறை இது.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கி எழும்பினால் போய்விடுவது வெறும் களைப்பு. பணிச்சோர்வு அப்படிப் போகாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதை நோயாக அல்லாமல், வேலையோடு வரும் ஒரு நிலையாக விளக்கியது. மூன்று அடையாளங்கள்: உடம்பில் சக்தியே இல்லாமற்போவது, வேலைமீது வெறுப்பு அல்லது விலகல், செய்வதில் பலனில்லை என்ற எண்ணம். பாடசாலையில் இரண்டாவதைக் கண்டுபிடிப்பது சுலபம். பிள்ளையின் பெயர் மறைந்து, 'அந்தக் கடைசி வாங்குக் கூட்டம்' என்று ஓய்வறையில் பேசத் தொடங்குவோம்.

படி 1: ஒரு கிழமை எழுதிப் பாருங்கள்

ஒரு சீ.ஆர். கொப்பி போதும். போன் செயலிகள் வேண்டாம். அதைத் திறந்தால் வாட்ஸ்அப்பும் கூடவே திறக்கும். பாடவேளைகளை எழுதத் தேவையில்லை, அவை நேரசூசியில் இருக்கின்றன. ஒன்றரை மணிக்கு மணியடித்த பிறகு செய்யும் பாடசாலை வேலைகளை மட்டும் நேரத்தோடு குறியுங்கள். துறையில் பாதைக்கு (வாவியைக் கடக்கும் மிதவைக்கு) காத்து நிற்கிறவர்கள் அந்த நேரத்தையும் சேருங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபிறகு எங்கள் பக்கம் பயணம் இலேசாகிவிட்டது, எல்லாருக்கும் அப்படியில்லை.

படி 2: திருத்தும் வேலையைப் பிரியுங்கள்

நான் நெடுநாள் சிக்கியிருந்த இடம் இது. பட்டியலில் பாதிக்கு மேல் திருத்தும் வேலையாகவே இருந்தது, ஆனால் அதை வெட்டவும் முடியாது. முறையை மாற்றினால் குறைகிறது.

தவணைப் பரீட்சை விடைத்தாளை ஒவ்வொரு பிள்ளையுடையதாக முழுவதும் திருத்தாதீர்கள். எல்லாப் பிள்ளைகளின் முதலாம் வினாவையும் முடித்துவிட்டு இரண்டாம் வினாவுக்குப் போங்கள். புள்ளித்திட்டம் தலையில் நிற்கும், திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. முதல் விடையில் கெட்டிக்காரி என்று தோன்றிய பிள்ளைக்கு அடுத்த விடையிலும் கை தாராளமாவது குறையும்.

கட்டுரைக்குக் குறியீடு. பிழையை நான் திருத்தி எழுதுவதில்லை. எழுத்துப்பிழைக்கு 'எ', சந்திக்கு 'ச', ஒருமை பன்மை மயக்கத்துக்கு 'ஒ', வாக்கியம் குழம்பினால் 'வா'. 'மாடுகள் வயலில் மேய்ந்தது' என்றால் ஓரத்தில் 'ஒ' மட்டும். அடுத்த பாடவேளையில் பத்து நிமிடம் கொடுத்தால் பிள்ளையே 'மேய்ந்தன' என்று திருத்தும். நாங்கள் எழுதிக்கொடுத்த திருத்தத்தை எத்தனை பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பேனை பச்சை. சிவப்பு நிறைந்த பக்கத்தைக் கண்டாலே கொப்பியை மூடிவிடுகிறார்கள்.

ஒரே நாளில் மூன்று வகுப்பிலும் கொப்பி சேர்க்காதீர்கள். கிழமைக்கு ஒரு வகுப்பு. ஓய்வுப் பாடவேளையில் முடிகிற அளவு மட்டும் கட்டிலிருந்து எடுங்கள், மீதி அலுமாரியில் இருக்கட்டும். வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புக்கு அனுப்பி அந்த நேரம் பறிபோகும் நாட்களும் உண்டு. அன்றைக்கு வேலை பின்தள்ளிப்போகட்டும், வீட்டுக்கு மட்டும் வரவேண்டாம்.

படி 3: வாட்ஸ்அப்

ஏழு மணிக்குப் பிறகு பாடசாலைக் குழுக்கள் எல்லாம் சத்தமில்லாமல். அவசரமென்றால் அழைப்பார்கள்.

படி 4: அதிபரிடம் கேட்கும் விதம்

முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி, அது முடியத் தமிழ்த்தினப் போட்டி. 'ஏலாது சேர்' என்றால் முகம் சுளிப்பார்கள். நான் இப்படிக் கேட்பேன்: "சேர், பேச்சுப் போட்டிப் பிள்ளைகளை இந்தக் கிழமை எடுத்தால் தரம் பதினொன்றுக்குத் திருப்புதல் நிக்கும். எதை முதல் செய்ய?" தெரிவு அவருடையது, எனக்கு வேலை ஒன்றுதான். புதியவர்களுக்கு முதல் தடவை நா எழாது. வசனத்தை எழுதிவைத்துப் போங்கள்.

படி 5: இதற்குப் பிறகும் குறையாவிட்டால்

நித்திரை வராமல், சாப்பிட மனமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால் கொப்பிக் கணக்கை விட்டுவிட்டு வைத்தியரிடம் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. 'ஊரார் கண்டால்' என்று தயங்கினால் 1926க்கு அழைக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணிநேரச் சேவை அது.

பிறகு சேர்த்தது: குறியீட்டு முறையைச் செய்து பார்த்த சம்மாந்துறை ஆசிரியை ஒருவர், வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்தவர்கள் 'திருத்தமே இல்லையே' என்று கேட்டதாக எழுதியிருந்தார். கொப்பியின் முதல் பக்கத்தில் குறியீட்டு விளக்கத்தைப் பிள்ளைகளைக் கொண்டே எழுத வையுங்கள். பகுதித் தலைவருக்கும் முன்கூட்டியே காட்டுங்கள்.

புலமைப்பரிசில் வகுப்பு எடுப்பவர்கள், இரவில் பெற்றோர் அழைப்பதைப் பற்றிக் கேட்கிறார்கள். கிழமையில் ஒரு நாள் பாடசாலை விட்டபின் அரை மணிநேரம் பெற்றோருக்கென்று ஒதுக்கி, பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் இரவில் அழைப்பவர்கள் இருப்பார்கள். 'செவ்வாய்க்கிழமை வாங்க, ஆறுதலாகக் கதைப்போம்' என்று சொல்லி வைத்துவிடலாம்.