வீட்டு டீப் க்ளீனிங்குக்கு ரேட் போடணுமா, மொதல்ல எக்ஸாஸ்ட் ஃபேன பாருங்க

போன் வரும், "அக்கா டூ பிஎச்கே, டீப் க்ளீனிங் எவ்ளோ?"ன்னு கேப்பாங்க. தொழில் ஆரம்பிச்ச புதுசுல நானும் யோசிக்காம 4,500ன்னு சொல்லிடுவேன். அப்படி சொல்லிட்டு போய் மாட்டின வீடு ஒண்ணு தாம்பரம் பக்கம், டூ பிஎச்கே தான், அவங்க பொய் சொல்லல, ஆனா உள்ள கூட்டுக் குடும்பம், ஏழு பேரு, ரெண்டு ரூம்லயும் மூணு பக்கம் பரண், பரண் பூரா பித்தளை அண்டா குண்டா, கிச்சன்ல எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுன நாள்ல இருந்து கழட்டவே இல்ல, எறக்கி தரைல வெச்சா அடியில வெல்லப் பாகு மாதிரி எண்ணெய் கம்பி கம்பியா இழுக்குது. காலைல 9க்கு போனவங்க ராத்திரி 10க்கு வெளிய வந்தோம். ஓவர்டைம் குடுத்ததுல என் கைக்காசு 1,100 போச்சு, அதுக்கப்புறம் போன்ல ரேட் சொல்றத விட்டுட்டேன். அட்ரஸ் வாங்கிட்டு நேர்ல போவேன், தூரமா இருந்தா வாட்ஸப்ல வீடியோ கால் போட்டு நான் காட்ட சொல்றத காட்ட சொல்வேன்.

சதுர அடிக்கு இவ்ளோன்னு போடறவங்க இருக்காங்க, காலி வீடுன்னா ஓரளவுக்கு ஒத்து வரும், குடும்பம் இருக்கற வீட்டுக்கு வராது. 1,000 சதுர அடில கல்யாணமான புதுசு ரெண்டு பேர் இருக்கற வீடும், தெனம் மூணு வேளை தாளிச்சு கொட்டற வீடும் ஒண்ணா என்ன? நீங்க விக்கறது நேரம், எத்தன ஆளு எத்தன மணி நேரம்னு மட்டும் கணக்கு போடுங்க.

போனதும் ஹால்ல உக்கார வெச்சு காபி குடுப்பாங்க, குடிச்சுட்டு நேரா கிச்சனுக்கு போயிடுங்க. அடுப்புக்கு பின்னாடி டைல்ஸ்ல நகத்தால ஒரு கீறு கீறுங்க. நகத்துக்குள்ள மஞ்சளா மெழுகு மாதிரி ஏறிச்சுன்னா அது சாதா துடைப்புக்கு வராது, டீகிரீசர், அதாவது எண்ணெய்ப் பிசுக்க கரைக்கற கெமிக்கல், அடிச்சு ஊற விட்டு சுரண்டணும், அந்த கிச்சனுக்கு மட்டும் ரெண்டு பேர் மூணு மணி நேரம் எழுதிக்கோங்க. சிம்னி இருக்குன்னு பெருமையா சொல்வாங்க, ஃபில்டர கழட்டி காட்ட சொல்லுங்க, பாதி வீட்ல அது கழறும்ங்கறதே தெரியாது.

அடுத்தது பாத்ரூம். மேடவாக்கம், பள்ளிக்கரணை மாதிரி போர் தண்ணி ஓடற ஏரியால உப்புக்கறை தான் நம்ம நேரத்த தின்னும். கண்ணாடிலயும் குழாய்லயும் ஈர விரலால ஒரு தேய் தேய்ங்க, அந்த எடம் பளிச்சுன்னு ஆகி, காஞ்சதும் திரும்ப வெள்ளை பூத்துச்சுன்னா உப்பு. சும்மா துடைச்சுட்டு வந்தீங்கன்னா சாயங்காலமே "என்னங்க அப்படியே இருக்கு"ன்னு போன் வரும். அதுக்காக ஆசிட்ட எடுத்து எல்லா எடத்துலயும் ஊத்தாதீங்க, மார்பிள், மொசைக் தரைல பட்டா பாலிஷ் போயிடும், குழாயோட பளபளப்பும் போயிடும், அப்புறம் உங்க கூலி பூரா அந்த தரைக்கு பாலிஷ் போடறதுக்கே போயிடும். ப்ளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒரே பக்கெட்ல சேரவே கூடாது, குளோரின் கேஸ் வரும், ஜன்னல் இல்லாத பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. புது பசங்கள வேலைக்கு எடுத்தா இத மொத நாளே சொல்லிடுங்க.

மத்த ரூம்லாம் சும்மா எண்ணிட்டு வந்தா போதும், எத்தன ஃபேன், எத்தன ஜன்னல், கொசு வலை கழறுமா, பரண்ல சாமான் இருக்கா காலியா. ஒட்டடை அடிக்கறதெல்லாம் பெரிய நேரம் இல்ல. ஆனா பால்கனில புறா எச்சம் இருந்தா தனியா எழுதுங்க, அத காஞ்சபடி பெருக்கக் கூடாது, தூசி மூக்குக்குள்ள போச்சுன்னா நுரையீரலுக்கு கெடுதல், தண்ணி தெளிச்சு ஊற வெச்சு மாஸ்க் போட்டு தான் எடுக்கணும். அப்புறம் தண்ணி எங்கேந்து வருதுன்னும் கேளுங்க, லாரி தண்ணி வாங்கற அபார்ட்மெண்ட்னா நீங்க ஹோஸ் புடிச்சு அடிக்கும்போது செக்ரெட்டரி வந்து நிப்பாரு.

இப்ப ஒரு வீட்ட வெச்சு கணக்கு போடலாம். மேடவாக்கத்துல த்ரீ பிஎச்கே, 1,200 சதுர அடி. ஒரே ஆளு செஞ்சா எத்தன மணி நேரம்ங்கற கணக்கு இது: கிச்சன் ரெண்டு பேர் மூணு மணி நேரம்னா 6, மூணு பாத்ரூம் சேத்து 5, மூணு பெட்ரூம் 6, ஹாலும் டைனிங்கும் 4, பால்கனி 2, பரண் 3, கடைசியா மொத்தமா தரை துடைக்க 2. மொத்தம் 28. நாலு பேர் போனா ஏழு மணி நேரம், ஒரு நாள் வேலை.

நான் ஆளுக்கு 900 கூலி குடுக்கறேன், 3,600. சாப்பாடு டீ ஆளுக்கு 150, அது 600. மெஷினோட போய் வர்ற வண்டி 700, கெமிக்கல் துணி ஸ்க்ரப்பர் 600, மெஷின் தேய்மானம் 400. அப்புறம் இன்னொரு 500, இத தான் எல்லாரும் விட்டுடுவாங்க, ரேட் பாக்க போயிட்டு ஆர்டர் கிடைக்காம வந்த பெட்ரோல், மறுநாள் திரும்ப போய் சரி பண்ற வேலை, விளம்பரக் காசு எல்லாம் இதுல தான். ஆக செலவு 6,400. உங்க ஊர்ல கூலி வேற இருக்கும், உங்க நம்பர போட்டுக்கோங்க.

லாபம் 25 சதவீதம் வேணும்னு 6,400 மேல 25 சதவீதம் ஏத்தி 8,000ன்னு சொல்லிடாதீங்க, நானும் ரெண்டு வருஷம் இப்படி தான் ஏமாந்தேன். வர்ற காசுல கால்வாசி மிஞ்சணும்னா 6,400 தான் முக்கால்வாசியா இருக்கணும், அதாவது 6,400ஐ 0.75ஆல வகுக்கணும், 8,533 வரும், நான் 8,500ன்னு சொல்வேன். 500 ரூபா தானேன்னு தோணும், மாசம் 20 வீடு பண்ணா 10,000. வருஷ வரவு 20 லட்சத்த தாண்டிட்டா ஜிஎஸ்டி பதிவு பண்ணணும், நீங்க சொல்ற ரேட்டுக்கு மேல 18 சதவீதம் தனி, அத உங்க லாபத்துலேந்து குடுக்காதீங்க.

பேரம் கட்டாயம் வரும். "ஏம்மா, எங்க வீட்டு வேலைக்கார அம்மாவே 1,000 ரூபா குடுத்தா செஞ்சுடுவாங்களே"ம்பாங்க. சண்டை வேண்டாம், ரேட்டையும் கொறைக்க வேண்டாம், வேலைய கொறைங்க. "சரிங்கம்மா, பரண விட்டுடறோம், 900 கொறச்சுக்கலாம்"னு சொன்னா பாதி பேர் "இல்ல இல்ல பரண் தான் முக்கியம்"னு 8,500க்கே வந்துடுவாங்க. சும்மா கொறச்சீங்கன்னா மொதல்ல சொன்னது பொய் ரேட்டுன்னு நெனப்பாங்க.

வாட்ஸப்ல எழுதி அனுப்பும்போது எது சேராதுங்கறத தான் நான் பெருசா எழுதுவேன். சோபா ஷாம்பூ, மெத்தை, ஃப்ரிட்ஜ் உள்பக்கம், மொட்டை மாடி டேங்க், பெயிண்ட் சொட்டு சுரண்டறது எல்லாம் தனி ரேட். மூணாவது மாடிக்கு மேல ஜன்னலோட வெளிப்பக்கம் நாங்க பண்றதே இல்ல. "அப்படியே செப்டிக் டேங்கையும் பாத்துடுங்களேன்"னு ஒருத்தர் கேட்டாரு, எவ்ளோ குடுத்தாலும் முடியாதுன்னுட்டேன், பாதுகாப்பு இல்லாம ஆள அதுல எறக்கறது, மனுஷங்க கையால மலம் அள்ளறத தடுக்கற 2013 சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாட்டியும் என் பசங்கள எறக்க மாட்டேன்.

போகிக்கு முந்தின பத்து நாளும் தீபாவளி, ஆயுத பூஜை சமயத்துலயும் ஆளு கிடைக்காது, அப்ப கூலி 1,100 ஆயிடும், செலவே 7,200, அதனால 9,600 சொல்றேன், கூசாம சொல்லுங்க. ஆடில யாரும் வீடு மாத்த மாட்டாங்க, போன் அடிக்காது, அப்ப 8,000க்கு கூட போவேன், பசங்க சும்மா உக்காந்திருக்கறதுக்கு அது மேல்.

30 சதவீதம் அட்வான்ஸ் ஜிபேல வந்தா தான் தேதி குடுப்பேன். போனவுடனே ஏற்கனவே இருக்கற விரிசல், ஒடஞ்ச டைல்ஸ், கீறல் எல்லாத்தையும் போட்டோ எடுத்து அவங்களுக்கே அனுப்பிடுங்க. நகை பணத்த அவங்களையே பீரோல பூட்டி சாவிய வெச்சுக்க சொல்லுங்க. முடிஞ்சதும் டார்ச் அடிச்சு ரூம் ரூமா கூட்டிட்டு போய் காட்டிட்டு மீதி காச அங்கயே வாங்கிடுங்க, "சார் ஆபீஸ்லேந்து வந்ததும் போடுவாரு"ன்னா சார் வர்ற வரைக்கும் நான் வாசல்லயே உக்காந்துடுவேன்.

அதே வீட்ல ஆறு மாசம் கழிச்சு திரும்ப கூப்பிட்டா 6,500 வாங்கறேன். ரெண்டாவது தடவ மூணு ஆளு போதும், எக்ஸாஸ்ட்ல ஆறு மாச எண்ணெய் தான் இருக்கும், துணியால வழிச்சா வந்துடும்.