மருந்தென்றால் வாயை மூடிக்கொள்ளும் குழந்தைக்கு மருந்து கொடுப்பது எப்படி?

மருந்துப் பாட்டிலைக் கண்டதும் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பும் குழந்தையைப் பிடிவாதம் என்றோ, செல்லம் கொடுத்துக் கெட்டுப்போனது என்றோ சொல்லிவிடுவது எளிது. ஆனால் சிறு குழந்தைகள் கசப்பைப் பெரியவர்களைவிடக் கூடுதலாக உணர்கிறார்கள். காய்ச்சலில் ஏற்கெனவே குமட்டிக்கொண்டிருக்கும் வாயில் ஒரு கரண்டிக் கசப்பு விழும்போது அவர்கள் துப்புவதில் வியப்பில்லை. கரண்டியை வாயருகே கொண்டுபோன பிறகு என்ன செய்வது என்றுதான் பெற்றோர் பெரும்பாலும் கேட்கிறார்கள். அந்தப் போராட்டத்தில் பாதியை அதற்கு முன்பே, மருத்துவர் சீட்டு எழுதும் மேசையிலும் மருந்துக்கடையிலும் தீர்த்துவிடலாம் என்பதால், இக்குறிப்பு அங்கிருந்தே தொடங்குகிறது.

முதலில் கேட்க வேண்டியது, சீட்டில் உள்ளவற்றுள் எவற்றைக் கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது. கடலூரிலோ புதுச்சேரியிலோ ஐப்பசி, கார்த்திகை மழையில் சளி பிடித்த குழந்தையை மருத்துவரிடம் கூட்டிச் சென்றால், காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று, பசி எடுக்க ஒரு டானிக் என்று நான்கு பாட்டில்களுடன் வீடு திரும்புவோர் பலர். மூன்று வேளைக்கு நான்கு மருந்து என்றால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு சண்டை. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் அறிவுறுத்தியது. நச்சு கலந்த இருமல் சிரப்பால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததை அடுத்து, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ வேண்டாம் என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையும் கூறியது. ஆகவே, “இதில் எது இல்லாவிட்டால் பரவாயில்லை?” என்று மருத்துவரிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. காய்ச்சல் மருந்தையும்கூட, நன்றாக உறங்கும் குழந்தையை எழுப்பிக் கொடுக்க வேண்டிய தேவை பொதுவாக இராது. ஆன்டிபயாடிக், வலிப்பு மருந்து, வீசிங்குக்குத் தரும் ஸ்டீராய்டு, காசநோய் மருந்து ஆகியவை வேறு வகை. அவற்றில் ஒரு வேளையும் தவறக்கூடாது. மெனக்கெட வேண்டியது இவற்றுக்காகத்தான்.

அடுத்துக் கேட்க வேண்டியது அளவு. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. வரை தரப்படுகிறது, 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 180 மி.கி. ஆகும். கடையில் கிடைக்கும் சிரப்புகளில் 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. முதலாவதை வாங்கினால் குழந்தை 7.5 மி.லி. குடிக்க வேண்டும், இரண்டாவதில் 3.6 மி.லி. போதும். விழுங்க மறுக்கும் குழந்தைக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. ஒரே மடக்கில் முடிந்துவிடுவதற்கும், இரண்டாவது மடக்கில் எல்லாவற்றையும் கக்கிவிடுவதற்கும் உள்ள தூரம் அது. எனவே, “அளவு குறைவாக வருவதுபோல எழுதுங்கள்” என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே மருந்தின் இரண்டு வீரியங்களை ஒரே வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. பாராசிட்டமால் இருக்கும்; அதைச் சிரப் என்று நினைத்து 7.5 மி.லி. ஊற்றினால் நான்கு மடங்குக்கும் அதிகமாகப் போய்விடும். அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணை ஒவ்வொரு முறையும் படித்துப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு காப்பு இல்லை.

ஆன்டிபயாடிக்குகள் பெரும்பாலும் பவுடராக வருகின்றன. ஆறவைத்த கொதிநீரைப் பாட்டிலில் உள்ள கோட்டுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு கோடு வரை நிரப்ப வேண்டும்; அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மருந்து கலக்கிய பின் ஃபிரிட்ஜில் ஏழு நாள் மட்டுமே தாங்கும். நம் கடற்கரையில் இது சில சமயம் பெரிய சிக்கலாகிவிடும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடந்தபோதும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோதும் கரண்ட் இல்லாமல் தவித்த வீடுகள் இங்கே ஏராளம். புயல் எச்சரிக்கை உள்ள வாரத்தில் ஆன்டிபயாடிக் எழுதினால், தண்ணீரில் கரையும் மாத்திரையாகத் தர முடியுமா என்று கேளுங்கள். அமாக்சிசிலின் அப்படிக் கிடைக்கிறது. ஒரு கரண்டித் தண்ணீரில் அந்தந்த வேளைக்குக் கரைத்துக் கொடுத்துவிடலாம், ஃபிரிட்ஜும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் தரும் மருந்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது என்றாலும், எப்படிக் கரைப்பது, எதோடு கொடுக்கலாம், எதோடு கூடாது என்று மருந்து வழங்கும் இடத்தில் கேட்டுக்கொண்டு வரலாம்.

அளப்பதற்குச் சமையலறைக் கரண்டி உதவாது. ஒவ்வொரு வீட்டு டீஸ்பூனும் ஒவ்வோர் அளவு. மருந்துடன் வரும் மூடியைவிட, ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் மேலானது. மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதன் முனையில் மூடி இருந்தால் முதலிலேயே கழற்றி எறிந்துவிட வேண்டும்; குழந்தையின் தொண்டைக்குள் போய்விடக்கூடிய அளவு அது சிறியது.

இனி, குழந்தையிடம் என்ன சொல்வது? “குடிக்கலைன்னா டாக்டர் மாமா ஊசி போட்டுடுவார்” என்பது நம் வீடுகளில் கைவசம் எப்போதும் இருக்கும் மிரட்டல். அன்று ஒருவேளை அது பலிக்கலாம். அடுத்த முறை மருத்துவமனை வாசலிலேயே குழந்தை அலறத் தொடங்கும். மருந்தை மிட்டாய் என்று சொல்லிக் கொடுப்பது இதைவிட ஆபத்தானது, ஏனெனில் மிட்டாய் என்று நம்பிய குழந்தை ஒரு நாள் அலமாரியில் எட்டி முழுப் பாட்டிலையும் குடித்துவிடக்கூடும். கசப்பதைக் கசக்கும் என்றே சொல்லிவிடுவது நல்லது. கடலூர் முதுநகரில் ஒரு வீட்டில் மூன்று வயதுப் பையன், “ஆயா, கசக்குமா?” என்று கேட்டான். “ஆமாண்டா கண்ணு, கசக்கும். ஆனா ரெண்டே வாய்தான். மொத வாய் குடிச்சிட்டுத் தண்ணி குடி, அப்புறம் இன்னொரு வாய்” என்றார் பாட்டி. பையன் சிரிஞ்சைத் தானே பிடித்துக்கொள்வேன் என்றான்; பாட்டி விட்டுவிட்டார். முகத்தைச் சுளித்தபடி பாதியை உள்ளே தள்ளிக்கொண்டு தண்ணீருக்குக் கை நீட்டினான், மீதியையும் அப்படியே முடித்தான். அந்தப் பாட்டி, குடிக்கிறாயா என்று கேட்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குடிக்கிறாயா என்று கேட்டால் மாட்டேன் என்ற பதில் வரத்தான் செய்யும். மடியில் உட்கார்ந்தா நாற்காலியிலா, தண்ணீர் முதலிலா பிறகா என்பன போன்றவற்றை மட்டும் குழந்தையின் விருப்பத்துக்கு விடலாம்.

கொடுக்கும்போது குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். சிரிஞ்சின் முனையை நாக்கின் நடுவில் வைக்காமல், கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் பக்கவாட்டில் செலுத்தி, அரை மி.லி. அல்லது ஒரு மி.லி. அளவுக்கு மெதுவாக அழுத்தி, விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்ததைக் கொடுக்க வேண்டும். தொண்டையை நோக்கிப் பீய்ச்சினால் புரை ஏறும். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்துப் பாலாடையால் புகட்டுவது நம் பாட்டிமார்களின் பழைய முறை. அதைச் செய்யவே கூடாது. மூக்கை அடைத்தால் குழந்தை வாயால் மூச்சை இழுக்கும். அந்த மூச்சோடு மருந்தும் நுரையீரலுக்குள் போகும். வீறிட்டு அழும் வாயில் ஊற்றுவதும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு ஊற்றுவதும் இதே காரணத்தால் தவறு. பாலாடையையே குறை சொல்வதற்கில்லை. தலையை உயர்த்திப் பிடித்து, கீழுதட்டில் வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்த்தால் கைக்குழந்தைக்கு அது நல்ல கருவிதான்.

எல்லாம் சொல்லியும் கேட்காத குழந்தைக்குக் கட்டாய மருந்து ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தால், ஒருவர் குழந்தையைத் துண்டில் கையோடு சேர்த்துச் சுற்றி மடியில் நிமிர்த்தி அணைத்துக்கொள்ள, மற்றவர் சிரிஞ்சால் கொடுக்கலாம். அரை மணி நேரம் கெஞ்சி, அதட்டி, மீண்டும் கெஞ்சுவதைவிட இப்படி இரண்டு நிமிடத்தில் முடிப்பது குழந்தைக்கும் நல்லது என்பது என் கருத்து. கோபமாக இருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள். முடிந்தவுடன் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட வேண்டும். நடந்ததைப் பற்றி உபதேசம் வேண்டாம்.

கசப்பை மறைப்பதற்குச் சில வழிகள் உண்டு. குளிர்ச்சி நாக்கை மரக்கச் செய்யும் என்பதால், மருந்துக்கு முன் ஒரு ஐஸ் துண்டைத் துணியில் சுற்றிச் சப்பக் கொடுக்கலாம். மெட்ரோனிடசோல், அசித்ரோமைசின், பிரெட்னிசோலோன் போன்ற கடுங்கசப்பு மருந்துகளுக்கு, ஒரு டீஸ்பூன் ஜாமோ வெல்லப்பாகோ மருந்துக்கு முன்னும் பின்னும் கொடுத்தால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். பண்ருட்டிப் பலாக் காலத்தில், நார் நீக்கி மசித்த சுளை கிடைத்தால் ஜாமைத் தேட வேண்டியதில்லை. அதன் மணமும் இனிப்பும் அவ்வளவு தூக்கலானவை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் மட்டும் கூடாது, ஒரு சொட்டும் கூடாது. உணவில் கலப்பதாக இருந்தால் இரண்டு வாயில் முடியும் அளவே கலக்க வேண்டும். பால் பாட்டில் நிறையக் கலந்துவிட்டால் பாதியில் குழந்தை நிறுத்திவிடும், எவ்வளவு மருந்து போனது என்று தெரியாது. அதைவிட, அன்றிலிருந்து பாலையே வெறுக்கத் தொடங்கிவிடும். மாத்திரையைப் பொடிக்கும் முன் மருந்துக்கடையில் கேளுங்கள், சிலவற்றைப் பொடிக்கவே கூடாது.

வாயில் போட்ட உடனே அப்படியே துப்பிவிட்டால் மீண்டும் கொடுக்கலாம். பாதி உள்ளே போய்ப் பாதி வழிந்திருந்தால், வழிந்ததைக் குத்துமதிப்பாகக் கணக்கிட்டு மேலும் ஊற்ற வேண்டாம். விழுங்கி அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், வயிற்றுப்போக்குக்குத் தரும் துத்தநாக மாத்திரை போன்றவற்றை இன்னொரு முறை தரச் சொல்வது வழக்கம். வலிப்பு, இதய மருந்துகளாக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் திரும்பக் கொடுக்கக் கூடாது. இந்தத் துத்தநாக மாத்திரையை வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் சேர்த்து மொத்தம் 14 நாள் கொடுக்க வேண்டும் என்பது பலருக்கும் மறந்துவிடுகிறது. அதை ஒரு கரண்டித் தாய்ப்பாலிலோ ஓ.ஆர்.எஸ். கரைசலிலோ கரைக்கலாம்.

அங்கன்வாடியில் தரும் மருந்துகளும் இதே சண்டையைக் கிளப்பும். குடற்புழு நீக்க அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று முதல் இரண்டு வயது வரை பாதி, அதற்கு மேல் முழுது. மூன்று வயது வரை இரண்டு கரண்டிகளுக்கு இடையில் நன்றாக நசுக்கித் தண்ணீரில் கலந்துதான் தர வேண்டும், முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வாரம் இரு முறை தரும் 1 மி.லி. இரும்புச் சத்து சிரப்பைப் பாலோடும் டீயோடும் சேர்க்காமல், நாக்கின் பின்பகுதியில் விட்டுப் பிறகு தண்ணீர் கொடுத்தால் பல்லில் கறை ஏறாது. மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிட வேண்டாம்.

கட்டாயமான மருந்து தொடர்ந்து இரண்டு வேளை உள்ளே தங்கவில்லை என்றால், வீட்டில் புதுப்புது உத்திகளைத் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்தோ வேறு வடிவமோ கேட்க வேண்டும். குழந்தை தண்ணீரும் குடிக்காமல், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காமல், எழுப்பினாலும் துவண்டு விழுந்தால், மூச்சு இரைத்தால், வலிப்பு வந்தால், அளவுக்கு மேல் மருந்து போய்விட்டது என்ற சந்தேகம் எழுந்தால், 108-ஐ அழைத்து, கடலூரில் இருப்பவர்கள் அரசு தலைமை மருத்துவமனைக்கும், புதுச்சேரியில் இருப்பவர்கள் எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ உடனே கொண்டு செல்ல வேண்டும். போகும்போது மருந்துச் சீட்டையும், வீட்டில் உள்ள எல்லா மருந்துப் பாட்டில்களையும், கடைசியாக எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று குறித்த தாளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.