மறுபடி வாங்கும் பொருளை உரிய நாளில் நினைவூட்டும் மாடலைக் கட்டுவது எப்படி?

மாதாமாதம் வாங்கும் சோப்புத்தூளை ஒருவர் ஒவ்வொரு முறையும் தேடிப்பிடித்து கார்ட்டில் போட வைப்பது அநியாயம். எதை வாங்குவார் என்பது பழைய ஆர்டர்களிலேயே இருக்கிறது. கணிக்க வேண்டியது, எப்போது வாங்குவார் என்பதைத்தான். வழக்கமான பரிந்துரை மாடலையே இங்கும் மாட்டிவிட்டால், நேற்று வாங்கிய பொருள் இன்று முதல் வரிசையில் வந்து நிற்கும்.

வாடிக்கையாளர் எண், பொருள் எண், தேதி, எண்ணிக்கை, பேக் அளவு: ஆரம்பிக்க இவ்வளவு போதும். ரத்தானதையும் திருப்பி அனுப்பியதையும் முதலில் நீக்குங்கள். அரை கிலோ, ஒரு கிலோ பேக்குகளுக்குத் தனித்தனி எண் இருந்தால் ஒரே குழுவாக்குங்கள். இல்லாவிட்டால், பேக் மாற்றியவரை வாங்குவதையே நிறுத்தியவர் என்று மாடல் எடுத்துக்கொள்ளும்.

அடுத்து, எந்தப் பொருள் மறுபடி வாங்கப்படும் வகை என்று பிரியுங்கள். இரண்டாம் முறையும் வாங்கியவர்களின் எண்ணிக்கையை, ஒரு முறையாவது வாங்கியவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். குளிர்சாதனப் பெட்டிக்கு அது சுழியை ஒட்டியிருக்கும், பற்பசைக்கு உயரும். வாங்கியவர்களே சிலர்தான் என்றால், அந்தப் பொருள் வகையின் விகிதத்தைப் பயன்படுத்துங்கள்.

இனி இடைவெளி. ஒருவர் ஒரு பொருளை 0, 30, 58, 61, 92 ஆகிய நாள்களில் வாங்கியிருக்கிறார். இடைவெளிகள் 30, 28, 3, 31. சராசரி 23 நாள். இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு, 29. அந்த 3 நாள் இடைவெளி வேறு யாருக்கோ வாங்கியதாக இருக்கலாம், ஆனால் சராசரியை அது ஒன்றே ஆறு நாளுக்கு மேல் கீழே இழுத்துவிட்டது. இடைநிலை அளவையே நம்புங்கள். இரண்டு பேக் வாங்கிய முறைக்கு, அதைத் தொடர்ந்து வரும் இடைவெளியை இரண்டால் வகுத்த பிறகே கணக்கில் சேருங்கள்.

இரண்டு முறை மட்டும் வாங்கியவருக்கு இடைநிலை அளவு உதவாது. அங்கே காமா-பாய்சான் முறை கைகொடுக்கும். ஒருவரின் சொந்த வேகத்தை எல்லோருடைய பொது வேகத்தோடு கலந்து, ஒரு நாளுக்கு எத்தனை முறை வாங்குவார் என்று அது மதிப்பிடும்: (மறுபடி வாங்கிய தடவை + அ) ÷ (முதல் கொள்முதலிலிருந்து கடந்த நாள் + ஆ). அ, ஆ இரண்டையும் எல்லா வாடிக்கையாளரின் வரலாற்றிலிருந்தும் மதிப்பிட வேண்டும். அ 2, ஆ 60 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். பொதுவாக 30 நாளுக்கு ஒரு முறை என்று பொருள். 20 நாளில் ஒரு முறை மறுபடி வாங்கியவருக்கு 3 ÷ 80, அதாவது சுமார் 27 நாளுக்கு ஒரு முறை. ஒரே ஒரு இடைவெளியை நம்பி 20 நாள் என்று முடிவுகட்டாமல் இது நிதானமாக நகர்கிறது. ஒரு குறை உண்டு: வாங்கிய மறுகணமே இந்த மதிப்பு உச்சத்துக்குப் போய்விடும். ஆகவே எதிர்பார்க்கும் இடைவெளியில் பாதியாவது கழியும்வரை அந்தப் பொருளைக் காட்டாதீர்கள்.

இந்த எண்கள் தயாரானபின் லைட்ஜிபிஎம் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் இலவச மென்பொருள்) போன்ற மாடலுக்குக் கொடுக்கலாம். கடைசியாக வாங்கி எத்தனை நாள் ஆயிற்று, அதை இடைநிலை அளவால் வகுத்த விகிதம், மொத்தம் எத்தனை முறை வாங்கினார் என்பவை முக்கியம். எங்கள் கருத்தில் விகிதம்தான் உயிர். ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய தரவில் மட்டும் இவற்றைக் கணக்கிட்டு, அடுத்த 7 நாளில் வாங்கினாரா என்பதை விடையாக வையுங்கள். தேதி பாராமல் தரவு வரிசைகளைக் கலைத்துப்போட்டு, பயிற்சிக்கும் சோதனைக்குமாகப் பிரித்தால் எதிர்காலம் பயிற்சிக்குள் கசிந்து, சோதனையில் பிரமாதமாகத் தெரிந்த மாடல் நேரடிப் பயன்பாட்டில் சரியும்.

பயிற்சிக்கு, அமெரிக்க மளிகை விநியோக நிறுவனமான இன்ஸ்டாகார்ட் 2017இல் வெளியிட்ட முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்டர்கள் நல்ல தொடக்கம். அதில் ஆர்டர்களுக்கு இடையிலான நாள் 30உடன் வெட்டப்பட்டிருக்கிறது. அங்கே 30 என்றால் ‘30 அல்லது அதற்கு மேல்’. மாத இடைவெளி என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

காட்டும்போது கடைசியாக வாங்கிய தேதி, அன்றைய விலை, இன்றைய விலை மூன்றையும் சேர்த்துக் காட்டுங்கள். கேட்காமல் ஆர்டர் போடவே கூடாது. ஸ்டாக் இல்லாத நாள்களை ‘வாங்கவில்லை’ என்று பதியாதீர்கள். மருந்து போன்ற அந்தரங்கமான பொருள்களை முகப்பில் வைக்காதீர்கள். ஒரே கணக்கை வீட்டில் பலர் பார்ப்பார்கள்.

பலனை அளக்க, வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினருக்கு நினைவூட்டலே காட்டாமல் ஒப்பிடுங்கள். குறைந்தது இரண்டு கொள்முதல் சுற்றாவது காத்திருங்கள். முதல் வாரத்து ஏற்றத்தில் ஒரு பங்கு, எப்படியும் வாங்கப்போகிறவர் சில நாள் முன்னதாக வாங்கியதாகவே இருக்கும்.