மருந்துச் சோதனையில் சேரும் முன் ஒப்புதல் படிவத்தை எப்படிப் படிப்பது?

மருந்துச் சோதனைகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் மருத்துவம் படிக்காத ஒருவராவது உட்கார வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. எங்கள் குழுவில் அந்த ஆள் நான். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். டாக்டர்கள் மருந்தின் அளவைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்க, நான் ஒப்புதல் படிவத்தை வரி வரியாகப் படித்துக்கொண்டிருப்பேன்.

முதலில், கொடுத்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அவகாசம் கேளுங்கள். அவசர சிகிச்சை தொடர்பான சில சோதனைகள் வேறு. மற்றபடி "இன்றே முடிவு சொல்லுங்கள்" என்று நெருக்கினால் அந்தச் சோதனையே வேண்டாம்.

அப்புறம் ஒரு பென்சில் எடுங்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கூடுதலாக வரச் சொல்லும் நாள் என்று உங்களுக்குச் செய்யப்போகும் ஒவ்வொன்றின் கீழும் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டையும் காட்டி டாக்டரிடம் கேளுங்கள்: "நான் சோதனையில் சேராவிட்டாலும் இதைச் செய்வீர்களா?" இல்லை என்று பதில் வருவதெல்லாம் ஆராய்ச்சிக்காக நீங்கள் கொடுப்பது. கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் தெரிந்து கொடுக்க வேண்டும். புது மருந்து என்றாலே நல்ல மருந்து என்று நினைத்துக்கொள்கிறோம். முதல் கட்டச் சோதனையில் பெரும்பாலும் பார்ப்பது மருந்தை உடம்பு தாங்குகிறதா, எவ்வளவு தாங்குகிறது என்பதைத்தான்.

அடுத்து, 'பிளசீபோ' என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுங்கள். பார்க்க மருந்து போலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப்போட்டு முடிவு செய்யும். பல சோதனைகளில் டாக்டருக்கே தெரியாது. அதனால் இவற்றைக் கேளுங்கள்: அவசரம் வந்தால் நான் எதைச் சாப்பிட்டேன் என்று உடனே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? இதற்காக இப்போதைய மருந்தை நிறுத்தச் சொல்வார்களா? இந்த நோய்க்கு வேறு என்ன சிகிச்சை இருக்கிறது? கடைசிக் கேள்விக்குப் படிவத்திலேயே பதில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் டஸ்கீகி என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களை, நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல், அது எப்படி முற்றுகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்த நோயைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்துவிட்டது. அப்போதும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

நான் அதிகம் சண்டை போடுவது இழப்பீட்டுப் பத்திக்காக. "பாதிப்பு ஏற்பட்டால் தேவையான மருத்துவ உதவி அளிக்கப்படும்" என்று அழகாக எழுதியிருப்பார்கள். செலவு யாருடையது? எத்தனை நாள் வரைக்கும்? வேலைக்குப் போக முடியாமல் போனால்? மூன்றுக்கும் அந்த வாக்கியத்தில் பதில் இல்லை. இழப்பீட்டுச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் வாய்வார்த்தையை நம்பாமல் எழுத்தில் கேளுங்கள்.

ரத்தம், திசு மாதிரிகளை எதிர்காலத்தில் வேறு ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தலாமா என்று ஒரு கட்டம் இருக்கும். ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணிடமிருந்து 1951-இல் கேட்காமல் எடுத்த புற்றுநோய்ச் செல்கள் இன்றும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்கின்றன. இந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று குறித்துவிட்டும் சோதனையில் சேர முடியுமா என்று கேளுங்கள். பல சோதனைகளில் முடியும்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆராய்ச்சிக்காக உலக மருத்துவச் சங்கம் வகுத்த ஹெல்சிங்கி பிரகடனம் சொல்வது இதைத்தான். ஆனால் சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்து, அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு விலகுங்கள். அதுவரை சேகரித்த தகவலை என்ன செய்வார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

படிக்கத் தெரியாதவர் என்றால் படிவத்தை முழுக்க வாசித்துக் காட்ட வேண்டும். ஆராய்ச்சிக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாகக் கூடவே இருக்க வேண்டும். கைநாட்டு வாங்கிய பிறகு சாட்சியைத் தேடுவது செல்லாது.

இவ்வளவும் சரி என்றால் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஆராய்ச்சியாளரின் தொலைபேசி எண்ணும் நெறிமுறைக் குழுவின் எண்ணும் தனித்தனியாக இருக்கும். இரண்டாவது எண்ணை ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். ஆராய்ச்சியாளரின் அலுவலகமே எடுத்தால், முதல் புகாரை அதைப் பற்றியே கொடுக்கலாம்.