மான் வேட்டைக்கு எந்த ட்ரீ ஸ்டாண்ட்? மரத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

ட்ரீ ஸ்டாண்ட், அதாவது வேட்டைக்கு மரத்தில் ஏறி உட்காரும் பரண், வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த கம்பெனி நல்லது?" என்றுதான். அதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். எந்த மரத்தில் ஏறப் போகிறீர்கள், வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து அது எவ்வளவு தூரம், சீசன் முழுக்க அதே மரம்தானா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆனமாதிரிதான்.

இது அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கான குறிப்பு. லைசென்ஸ், வேட்டைப் பயிற்சி வகுப்பு, சீசன் தேதி இதெல்லாம் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் மான் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பரண் என்பது நமக்குப் புதிதில்லைதான். ஆனால் சங்கப் பாட்டில் தினைப்புனத்து இதணத்தில் ஏறி உட்கார்ந்தது கிளியை விரட்ட.

முதலில் மரம்

உயிரோடு இருக்கும், நேரான, பட்டை இறுகிய மரம் வேண்டும். மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா பக்கம் இருப்பவர்கள் ஆஷ் மரத்தை அடையாளம் காணப் பழகுங்கள், அதில் ஏறாமல் இருப்பதற்காக. 2002-ல் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்ட எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. செத்த ஆஷ் வெளியே திடமாகத் தெரியும், பாரம் ஏறினால் படக்கென்று முறியும். ஆஷின் அடையாளம்: கிளைகள் எதிரெதிர் ஜோடியாகப் பிரியும். முதிர்ந்த பட்டையில் சாய்சதுர வலைபோல வரிகள் ஓடும். மரங்கொத்தி கொத்திப் பட்டை வெளிறிய திட்டுகளும், ஒரு பக்கம் தட்டையான அரைவட்டத் துளைகளும் இருந்தால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த மரத்துக்குப் போங்கள்.

ஷாக்பார்க் ஹிக்கரியில் பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும். கிளைம்பரின் (மரத்தைப் பற்களால் கடித்துப் பிடித்தபடி ஏறும் ஸ்டாண்ட்) பல் அந்த உரியும் பட்டையைத்தான் கடிக்கும், மரத்தை அல்ல. பீச் மரம் வழவழப்பு. உறைபனி விழுந்த காலையில் பல் வழுக்கும். தெற்கு மாநிலங்களின் லாப்லாலி பைனும், துலிப் பாப்ளரும் கிளைம்பருக்கென்றே வளர்ந்தவை போல, கிளையில்லாமல் நெட்டுக்குத்தாக நிற்கும்.

இன்னொன்று: அக்டோபரில் இலை மறைவில் ஒளிந்திருக்கும் ஸ்டாண்ட், நவம்பரில் இலை உதிர்ந்ததும் வானத்துக்கு எதிரே மொட்டையாகத் தெரியும். பின்னால் இரண்டாவது அடிமரமோ, இலை உதிராத மரமோ இருக்கும்படி தேர்ந்தெடுங்கள்.

ஏணி ஸ்டாண்ட்

சொந்த நிலம், அல்லது அனுமதி தந்தவரின் நிலம், வண்டி பக்கத்தில் வரும், சீசன் முழுக்க ஒரே இடம் என்றால் வேறு யோசனையே வேண்டாம், ஏணிதான். 15 முதல் 18 அடி உயரம் சகஜம். ஏறி இறங்க எளிது. ஆனால் கனம், தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் சாமான் இல்லை.

நிறுத்துவதற்கு மூன்று பேர். ஒருவர் ஏணியின் அடியை மிதித்துப் பிடிக்க, இருவர் தூக்கி நிமிர்த்தி மரத்தில் சாய்க்க வேண்டும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்: சாய்த்த உடனே ஒருவர் மேலே கட்டும் பட்டையை (ஸ்ட்ராப்) மாட்ட ஏறிவிடுகிறார். அந்த நேரத்தில் ஏணி எதோடும் கட்டப்படவில்லை. மரம் உருண்டை, ஏணி பக்கவாட்டில் உருண்டு போகும். சரியான வரிசை இது: ஸ்டாண்டின் இரு பக்கமும் கட்டிவிட்ட கயிறுகளைக் கீழே நின்றபடியே மரத்தின் பின்னால் குறுக்குமறுக்காகக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். ஏணியின் நடுவிலிருந்து மரத்துக்குப் போகும் தாங்குகம்பியை மாட்டி அதையும் இறுக்குங்கள். ஏணியை உலுக்கிப் பாருங்கள். பிறகு இடுப்பில் லைன்மேன் பெல்ட்டை மரத்தைச் சுற்றிப் போட்டு, கீழே இருவர் பிடித்திருக்க, ஏறி மேலே ராட்செட் பட்டையை (பிடியை ஆட்டி இறுக்குவது) கட்டலாம்.

கிளைம்பர்

இரண்டு துண்டு: மேலே உட்காருவது, கீழே நிற்பது. இரண்டும் கேபிளால் மரத்தைச் சுற்றும். மாற்றி மாற்றி நகர்த்திப் புழுபோல ஏற வேண்டும். சம்மிட் வைப்பர் போன்ற அலுமினிய ஸ்டாண்ட் சுமார் 20 பவுண்டு, முதுகில் தூக்கிக்கொண்டு போகலாம். ஏணியும் வேண்டாம், ஏறுகுச்சியும் வேண்டாம். ஆனால் வழியில் ஒரு கிளை இருந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

பெரும்பாலான கிளைம்பர் 8 முதல் 20 அங்குலக் குறுக்களவு மரத்துக்குப் பொருந்தும். காட்டில் குறுக்களவை எப்படி அளப்பது? கயிற்றில் 35 அங்குலத்தில் ஒரு முடிச்சு, 62 அங்குலத்தில் ஒரு முடிச்சு போட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றிப் பார்த்தால் சுற்றளவு இரண்டு முடிச்சுக்கும் நடுவே விழ வேண்டும். கீழ் எல்லை 25 போதுமே என்று கணக்குப் போடுபவர்களுக்கு: மரம் மேலே போகப் போக மெலியும். கீழே 8 அங்குலம் இருக்கும் மரம் 20 அடி உயரத்தில் 8 இருக்காது.

அந்த மெலிவுதான் கிளைம்பரில் எல்லோரையும் ஒரு தடவையாவது மாட்டிவிடும் இடம். நிற்கும் தட்டின் பல் உங்கள் பக்கம் மரத்தைக் கடிக்கிறது. கேபிள் பின்பக்கம் சற்று மேலே பிடிக்கிறது. மரம் மெலிந்தால் வளையத்துக்குள் இடம் கூடும், தட்டு முன்னால் தொங்கும். தரையில் ரசமட்டம் வைத்ததுபோல மாட்டினால், 20 அடிக்குப் போகும்போது தட்டு சறுக்குமரமாகிவிடும். அதனால் கீழே மாட்டும்போதே வெளி விளிம்பு தூக்கி இருக்க வேண்டும். மெலிவு குறைந்த பைன் மரத்தில் அரைச் சாண், சட்டென்று மெலியும் மரத்தில் ஒரு சாண். தரையில் பார்க்கக் கோணலாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

கணக்குத் தப்பி மேலே போனபின் தட்டு சாய்ந்துவிட்டதா? அங்கேயே கேபிளைப் பூட்டும் பின்னைக் கழற்றி அதைச் சுருக்காதீர்கள். இறங்கி, சரிசெய்து, மறுபடி ஏறுங்கள். கால்மணி நேரம் போகும், போகட்டும்.

ஏறும் முறை: மேல்துண்டை நெஞ்சளவுக்குத் தூக்கிப் பதிய வையுங்கள். அதில் பாரத்தைப் போட்டு, பாதங்களைத் தட்டின் பட்டையில் கோர்த்து, முழங்காலை மடக்கித் தட்டைத் தூக்குங்கள். குதிகாலால் அழுத்தினால் பல் கடிக்கும் சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் எழுந்து நிற்காதீர்கள். ஒரு தடவைக்கு ஓரடிக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். இரண்டு துண்டையும் இணைக்கும் கயிற்றை ஏறுமுன்னே கட்டியிருக்க வேண்டும். கட்டாவிட்டால், கால் எடுத்த நேரத்தில் கீழ்த்தட்டு நழுவித் தரைக்குப் போய்விடும். நீங்கள் மேல்துண்டில் உட்கார்ந்து உதவிக்குக் கூப்பிட வேண்டியதுதான்.

ஹேங்-ஆன்

கிளையுள்ள, வளைந்த மரத்துக்கு இது. சின்னத் தட்டு, சின்ன இருக்கை, பட்டையில் மரத்தில் தொங்கும். ஏறுவதற்குத் தனியாக மூன்று நான்கு ஏறுகுச்சிகள் (மரத்தில் பட்டையால் கட்டும், படி வைத்த கம்பிகள்). ஸ்டாண்டை மாட்டும் வேலை முழுக்க லைன்மேன் பெல்ட்டில் சாய்ந்துகொண்டுதான், இரண்டு கையும் அப்போதுதான் வேலைக்குக் கிடைக்கும். பட்டையை இறுக்கியதும் தட்டை மிதித்து அழுத்திப் பல்லைப் பதிய வையுங்கள்.

கவனிக்க வேண்டிய ஒரே விஷயம் கடைசிக் குச்சி. அதன் மேல்படி தட்டைவிட உயரமாக இருக்க வேண்டும். குச்சியிலிருந்து தட்டுக்கு இறங்கிக் காலை வைக்க வேண்டும், எக்கி ஏறக் கூடாது. எக்கும்போது கை தன்னால் இருக்கையைப் பிடித்து இழுக்கும், ஸ்டாண்ட் பிடி விடும். ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டுக்கு மாறும்போதும்தான் விழுகிறார்கள். உட்கார்ந்திருக்கும்போது விழுபவர்கள் குறைவு.

சேடல்

இதில் ஸ்டாண்டே இல்லை. இடுப்பையும் தொடையையும் தாங்கும் துணி இருக்கை, அதை மரத்தோடு இணைக்கும் கயிறு, கால் வைக்க ஒரு கையகலத் தட்டு. மரத்தைப் பார்த்தபடி சாய்ந்து தொங்குவதால் மரமே உங்களை மறைக்கும். பொதுநிலத்தில் ஒரு மைல் நடந்து, தினம் ஒரு மரம் மாற்றுகிறவர்களுக்கு இதைவிட இலகுவானது இல்லை. ஆனால் முதல் சீசனிலேயே வாங்காதீர்கள் என்பேன். கயிறு நெற்றி உயரத்தில், எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும். முடிச்சும் காரபைனரும் (கயிறு மாட்டும் உலோகக் கொக்கி) கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வர வேண்டும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில், வீட்டுப் பின்பக்க மரத்தில் இரண்டு வாரம் பழகுங்கள்.

தெற்கு டெக்சாஸ் ஆட்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அங்கே மெஸ்கீட் புதரில் ஏற மரம் ஏது? முக்காலி ஸ்டாண்ட் அல்லது பெட்டிப் பரண்.

ஹார்னெஸ்

எந்த ஸ்டாண்டானாலும் முழு உடல் ஹார்னெஸ், அதாவது விழுந்தால் தாங்கும் பட்டைக் கவசம், வேண்டும். நெஞ்சுப் பட்டை மட்டும் இருக்கும் பழைய வகை வீட்டில் கிடந்தால் வெட்டிக் குப்பையில் போடுங்கள். விழுந்தால் மூச்சை இறுக்கும். ஸ்டாண்டோடு இலவசமாக வரும் ஹார்னெஸ் போதும், ஆனால் அதன் பட்டைகள் இருட்டில் சிக்கிச் சலிப்பூட்டும், சலிப்பு வந்தால் போடாமல் விட்டுவிடுவீர்கள். உள்சட்டைபோல மாட்டும் வகைக்குக் காசு போட்டால் வீணாகாது. தைத்திருக்கும் லேபிளில் தயாரித்த தேதி பாருங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 5 ஆண்டுதான் தருகிறார்கள்.

ஏணிக்கும் ஹேங்-ஆனுக்கும் 30 அடி லைஃப்லைன் கட்டிவிடுங்கள்: மேலே தலைக்கு மேல் ஒரு கட்டு, கீழே மரத்தடியில் ஒரு கட்டு, நடுவே புருசிக் முடிச்சு (கையால் தள்ளினால் நகரும், பாரம் விழுந்தால் இறுகும்). தரையிலேயே மாட்டிக்கொண்டு முடிச்சைத் தள்ளியபடி ஏறலாம். உட்கார்ந்ததும் முதுகுக் கயிற்றில் தொய்வு இருக்கக் கூடாது. விழுந்து தொங்கினால் தொடைப் பட்டை ரத்தத்தைக் காலிலேயே தேக்கும்; சில நிமிடங்களிலேயே நினைவு தப்பலாம். அதற்குத்தான் கால் வைத்து எழும்பும் வளையம். அதைப் பையின் அடியில் வைக்காமல், கை எட்டும் பக்கப் பையில் வையுங்கள்.

துப்பாக்கியோ வில்லோ ஒருபோதும் கூடவே ஏறாது. தோட்டாவை எடுத்துவிட்டு, குழல் கீழ்நோக்க, கயிற்றில் கட்டி வைத்து மேலே போய் இழுங்கள்.

பின்சேர்க்கை: அடிக்கடி வரும் சந்தேகங்கள்

எடை: 300 பவுண்டு, அதாவது 136 கிலோ என்று எழுதியிருப்பது உங்கள் எடை மட்டுமல்ல. 260 பவுண்டு ஆள் குளிர்காலக் கோட்டு, பூட்ஸ், பை, துப்பாக்கியோடு அந்த எல்லையைத் தொட்டுவிடுவார்.

பட்டை: நிரந்தரமாக நிற்கும் ஏணிக்கு ராட்செட். தினம் மாட்டிக் கழற்றும் ஏறுகுச்சிக்குக் கேம் பக்கிள் (பட்டையைக் கையால் இழுத்தாலே பிடித்துக்கொள்ளும் கொளுவி). ராட்செட்டின் டக் டக் சத்தம் காலை இருட்டில் காடெல்லாம் கேட்கும். கொக்கி குழாயில் இடிக்கும் இடங்களில் துணி டேப் சுற்றுங்கள். கிளை அறுக்கச் சில்க்கி கம்பெனியின் மடக்கு ரம்பம். இழுப்பில் மட்டும் அறுக்கும், தள்ளும்போது அழுத்தாதீர்கள்.

பொதுநிலம்: மரத்தில் திருகும் படி, ஆணி பல மாநிலங்களில் தடை. சில இடங்களில் ஸ்டாண்டில் அடையாளம் எழுத வேண்டும்; மிச்சிகனில் அப்படித்தான். எத்தனை நாள் விட்டுவைக்கலாம் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். அந்தந்த மாநிலத்தின் இந்த வருடக் கையேட்டைப் பாருங்கள், போன வருடத்ததை அல்ல.

சீசன் முடிந்ததும் கழற்றுங்கள். அப்படியே விட்டால் மரம் பருத்துப் பட்டையைத் தெறிக்கும் அளவுக்கு இழுக்கும், அணில் கடிக்கும், வெயில் நைலானை நைக்கும். வெளியே பார்க்கப் பச்சையாக இருக்கும் பட்டையை மடித்துப் பாருங்கள்: மடிப்பில் நூல் வெளுத்துப் பொடி உதிர்ந்தால் புதுசு மாட்டுங்கள். கழற்றும்போது மேல்பட்டை முதலில், குறுக்குக் கயிறு கடைசியில். அதுவும் கீழே நின்றபடி, ஏணியை இருவர் பிடித்த பிறகு.