விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் உபுண்டு காணோமா?

ஒரே கம்ப்யூட்டர்ல விண்டோஸும் உபுண்டு லினக்ஸும் சேர்த்து டூயல் பூட் போட்டிருக்கவங்க, விண்டோஸ் அப்டேட் முடிஞ்சதும் கிரப் மெனு (எந்த ஓஎஸ் ஓபன் ஆகணும்னு கேக்குற லிஸ்ட்) வராம நேரா விண்டோஸே ஓபன் ஆச்சுன்னா தயவுசெஞ்சு அவசரப்பட்டு ஃபார்மேட் பண்ணிடாதீங்க, உபுண்டு பெரும்பாலும் பத்திரமா அங்கேயேதான் இருக்கும், பூட் ஆர்டர் (எது முதல்ல ஓபன் ஆகணும்ங்கிற வரிசை) மட்டும் மாறியிருக்கும். சிஸ்டம் ஆன் ஆகுறப்பவே எஃப்2 இல்லன்னா டெலீட் கீய தட்டி பயாஸ் (கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங்ஸ்) உள்ள போங்க (கம்பெனிக்கு கம்பெனி கீ மாறும்), பூட் லிஸ்ட்ல உபுண்டுன்னு ஒரு என்ட்ரி இருக்கும், அத விண்டோஸ் பூட் மேனேஜருக்கு மேல ஏத்தி சேவ் பண்ணுங்க, நிறைய பேருக்கு இதுலயே சரியாயிடும். அங்கேயே இருக்கிற செக்யூர் பூட்ல (நம்பகமான சாஃப்ட்வேர மட்டும் பூட் ஆக விடுற செட்டிங்) மட்டும் சும்மா கை வைக்காதீங்க, பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ஆன்ல இருந்தா 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிக்கும்.

அந்த என்ட்ரியே இல்லன்னா உபுண்டு லைவ் பென்டிரைவ்ல (இன்ஸ்டால் பண்ணாமலே உபுண்டு ஓடுற பென்டிரைவ்) பூட் பண்ணி பூட்-ரிப்பேர் டூல் இன்ஸ்டால் பண்ணி ஓட்டுங்க. பென்டிரைவ யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்கு பதிலா வந்த புது முறை) மோடுலதான் பூட் பண்ணணும், இது முக்கியம்.

சில பேருக்கு உல்டாவா கிரப் வரும், ஆனா லிஸ்ட்ல விண்டோஸ் இருக்காது. 2021ல வந்த கிரப் 2.06ல இருந்து ஓஎஸ்-புரோபர (மத்த ஓஎஸ்கள தேடி லிஸ்ட்ல சேக்குற டூல்) டீஃபால்ட்டாவே ஆஃப் பண்ணிட்டாங்க, அதான் காரணம். கிரப்போட டீஃபால்ட் செட்டிங்ஸ் ஃபைல்ல 'டிசேபிள் ஓஎஸ் புரோபர்'னு வர்ற லைன ஃபால்ஸ்னு வச்சு, முன்னாடி ஹேஷ் (#) இருந்தா எடுத்துட்டு, டெர்மினல்ல சூடோ (அட்மின் அனுமதி) போட்டு அப்டேட்-கிரப் குடுங்க, விண்டோஸ் லிஸ்ட்ல வந்துடும்.